ஆடு போல் கத்திய கிளாரினெட்

"வலது காது கேளாதவர். ஒலி சார்ந்த எந்தப் பணிக்கும் ஏற்றவரல்ல." நியூ ஆர்லியன்ஸ் இசை ஆவணக் காப்பகத்தின் கோப்பில் அல்சீட் ஃபோந்தநெட்டைப் பற்றி இப்படியொரு மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது. அதே காப்பகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவர் பழைய ஜாஸ் இசைத்தட்டுகளின் கீறலையும் இரைச்சலையும் நீக்கிக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்துத் தட்டில் ஒலி ஒரே தடம்தான். இரண்டாவது காதுக்கு அங்கே வேலையில்லை.

அந்தத் திங்கட்கிழமை மிஸ் செனோபி வந்திருந்தார். வயது எண்பத்தாறு. 1927ஆம் ஆண்டுத் தட்டொன்றில் கிளாரினெட் வாசித்தவர் அவருடைய அப்பா தியோஃபில் ட்ரெபான்யே என்று ஒரு நம்பிக்கை. தட்டின்மேல் குழுவின் பெயர் மட்டுமே இருந்தது. அவர் வாசித்ததாகச் சொல்லப்படும் தட்டும் இது ஒன்றுதான். மகள் ஆமென்றால் காப்பகத்தின் மறுவெளியீட்டு அட்டையில் பெயர் அச்சாகும்.

பத்து நொடி கேட்டுவிட்டு அவர் ஹெட்போனைக் கழற்றினார். "இது எங்கப்பா இல்ல."

"முழுசா கேளுங்க, மிஸ் செனோபி," என்றாள் காப்பக இயக்குநர் கொரின்.

"எதுக்கு? எங்கப்பா வாசிச்சா ஆள் பேசுற மாதிரி இருக்கும். இது ஆடு கத்துது."

கொரின் அல்சீடைப் பார்த்தாள். "அப்ப 'யாரெனத் தெரியவில்லை'ன்னு போட்டுடலாம். நாளைக்கு அச்சுக்குப் போகணும்."

மூன்று வாரம் அழுக்கெடுத்ததில் ஆடு இன்னும் தெளிவாகத்தான் கத்தியது. அல்சீட் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலங்களில் டிராம்போன் வாசிப்பவர். அதை எடுத்துத் தட்டோடு சேர்ந்து ஊதிப் பார்த்தார். கை எங்கும் சரியாக உட்காரவில்லை. பாட்டின் சுருதி அரைக்கட்டை ஏறியிருந்தது.

"இந்தச் சுருதியில நம்மூர்ல எவன் வாசிப்பான்?" என்றார் அல்சீட்.

"நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுத்துலதானே ஓட்டினே?"

"அது நாம பின்னாடி வச்ச கணக்கு, கொரின். அன்னிக்கு இதைப் பதிஞ்ச மெஷினுக்கு அது தெரியுமா? அது மெதுவா சுத்தியிருந்தா இப்ப சுருதி ஏறித்தான் கேக்கும். நானும் யோசிக்காம ஓட்டிட்டேன்."

ஊர்வலத்தில் ஊதுகிறவர் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பாட்டு டிராம்போனுக்கு வாகாக இறங்கும்வரை வேகத்தைக் குறைத்தார்.

இம்முறை மிஸ் செனோபி மூன்று நிமிடமும் கேட்டார். "மேல ஏறுற அந்த இடம் ரெண்டாவது தடவை வரும்போது தடுமாறுறாரு. வீட்ல இதை வாசிக்கும்போதும் அங்கதான் தடுமாறுவாரு."

"அப்ப பேரு போடலாமா?" என்று கேட்டார் அல்சீட்.

"போடு. அந்தத் தப்பைத் திருத்தித் தொலைச்சிடாத, கண்ணு."

அல்சீட் அதைத் தொடவில்லை. எழுபத்து மூன்றரைச் சுற்றில் தட்டை மறுபடி பதிவு செய்து, கிளாரினெட் என்பதற்கு எதிரே தியோஃபில் ட்ரெபான்யே என்று எழுதிக் கொடுத்தார்.