நாற்பத்தாறு கிலோ

சித்தப்பா வாங்கி வந்த காரைப் பார்த்ததும் அப்பா முதலில் கேட்டது, அதன் டிக்கி எவ்வளவு ஆழம் என்பதைத்தான்.

நெல்லியாம்பதி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பந்தயக் கார் அது. சிவப்பு நிறம். மேலே கித்தான் கூரை. இரண்டே பேர்தான் உட்காரலாம். நெல் விளைவிக்கிற குடும்பத்துக்கு இது எதற்கு என்று அப்பா கேட்டார்.

"சும்மா ஒரு ஆசைதானுங்கண்ணா" என்றார் சித்தப்பா.

அப்பா ஆசைகளை நம்புகிறவர் அல்ல. எங்கள் ஊரான கொல்லங்கோட்டிலிருந்து மாநில எல்லை கூப்பிடு தூரம். எழுபதுகளின் நடுவில் பொள்ளாச்சிப் பக்கத்து அரிசி களவாக இந்தப் பக்கம் வந்தது; அங்கே மதுவிலக்கு என்பதால் இந்தப் பக்கத்துப் பிராந்தி களவாக அந்தப் பக்கம் போனது. பாரம் ஏற்றிய காரின் பின்புறம் தணிந்து செக்போஸ்டில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கடத்துகிறவர்கள் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி வண்டியை உயர்த்தி வைத்திருப்பார்கள். இது எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

சித்தப்பாவோ காரைத் தாழ்த்தப் போவதாகச் சொன்னார். அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எந்நேரமும் தணிஞ்சே நிக்கற காரு, பாரம் ஏத்துனாலும் அப்படித்தான் நிக்கும். பாக்கறவனுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?" தம்பிக்கு இவ்வளவு மூளை இருக்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் சனிக்கிழமை சித்தப்பா பொள்ளாச்சிப் பட்டறைக்குக் கிளம்பியபோது அப்பா என்னையும் அவரோடு ஏற்றிவிட்டார். "அங்க ஆரு வாராங்க, என்ன பேசறாங்கன்னு காதுல வாங்கிட்டு வா அம்முணி." எனக்குப் பத்து வயது. இவ்வளவு பெரிய வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

பட்டறைக்காரர் ஒல்லியான மனிதர், காது ஓரத்தில் பென்சில். மூன்று ஜோடி ஸ்பிரிங்குகளைச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தார். முதல் ஜோடி, பழைய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்தது. "சல்லிசா முடிஞ்சுரும். ஆனா அறுத்த முனை சரியா உக்காராதுங்க. வளைவுல ஏமாத்திப்போடும்" என்று தள்ளிவைத்தார். இரண்டாவது ஏதோ வேனிலிருந்து கழற்றியது, என் மணிக்கட்டுத் தடிமன். அது கல்லுப் போலிருக்கும், சின்ன மேட்டுக்கே சக்கரம் தரையை விட்டுவிடும் என்றார். மூன்றாவது கோயமுத்தூரில் சொல்லிச் செய்வித்த சாம்பிள். குட்டை, ஆனால் நடுத்தரமான கம்பி.

"ஸ்பிரிங்க மட்டும் குட்டையாக்குனாப் பத்தாதுங்க. ஷாக் அப்சார்பரும் அதுக்குத் தக்கன இறுக்கமா இருக்கோணும். இல்லீன்னா ஒரு குழில உழுந்தா அடுத்த ஊரு வரைக்கும் குதிச்சுட்டே போகும்." பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டார்: "கோயமுத்தூர்ல கம்பித் தடிமன் சொல்லோணுமுங்க. ஓட்டறவங்க என்ன எடை?"

சித்தப்பா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நாப்பத்தாறு கிலோ."

பட்டறைக்காரர் சித்தப்பாவின் தொப்பையைப் பார்த்தார். அப்படியே எழுதிக்கொண்டார். போன மாதம் ரயில் நிலையத்து எடை மெஷினில் சித்தப்பா ஏறியபோது வந்த அட்டையில் தொண்ணூறு என்று இருந்ததை நான் பார்த்திருந்தேன். வழி நெடுக மனதுக்குள் நாற்பத்தாறு, நாற்பத்தாறு என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

அப்பாவிடம் சொன்னதும் அவர் முகம் இறுகியது. "அப்ப ஓட்டறதுக்கு வேற எவனையோ கூட்டுச் சேத்திருக்கறான். நோஞ்சான் ஒருத்தன."

புது ஸ்பிரிங் போட்டபின் கார் தரையோடு பதுங்கிய பூனை போல நின்றது. ஞாயிறுதோறும் விடிகாலையில் சித்தப்பாவும் சித்தியும் அதில் மலையடிவாரக் கோயிலுக்குப் போகத் தொடங்கினார்கள். சித்தப்பாவை அதற்கு முன் கோயில் பக்கம் யாரும் பார்த்ததில்லை. "பொம்பள பக்கத்துல இருந்தா செக்போஸ்ட்ல நிறுத்த மாட்டான்" என்று அப்பா அதற்கும் காரணம் கண்டுபிடித்தார். "போலீசு புடிக்கறதுக்கு முந்தி நாமளே புடிச்சரோணும்."

நான்காவது ஞாயிறு அப்பாவும் நானும் அவர்களுக்கு முன்பே கிளம்பிப் போய், கால்வாய்ச் சாலையில் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் எங்கள் அம்பாசிடரை நிறுத்திக் காத்திருந்தோம். பனி விலகாத வேளை. முதலில் சத்தம் வந்தது. அப்புறம் சிவப்புப் புள்ளி. அது வளைவில் கொஞ்சமும் சாயாமல், கோடு கிழித்த மாதிரித் திரும்பியது. அப்பா சாலை நடுவில் போய்க் கையைக் காட்டினார்.

கார் நின்றது. ஓட்டிவந்தது சித்தி. முந்தானையை இடுப்பில் செருகி, தலையில் துண்டு கட்டியிருந்தாள். பக்கத்தில் சித்தப்பா கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்பா நேராகப் போய் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னியும் ஜாக்கியும்தான் இருந்தன. ஸ்டெப்னியைத் தூக்கி அடியிலும் பார்த்தார். டிக்கியை மூடினார்.

சித்தி இறங்கிவிட்டாள். கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உங்கப்பாகிட்டச் சொல்லு கண்ணு. மெட்ராசுல கார் பந்தயம் நடக்குது. பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒண்ணு வெக்கறாங்க. அதுக்குத்தான்னு."

"எங்க கத்துக்கிட்டாளாம், கேளு" என்றார் அப்பா, கால்வாயைப் பார்த்து.

"சக்குபள்ளத்துல, எங்கய்யனோட ஏலக்காய்த் தோட்டத்துல. பதினாறு வயசுலயே ஜீப் ஓட்டுவன்னு சொல்லு."

மூன்றடி தூரத்தில் நின்ற இருவருக்கும் நடுவில் நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பிராந்தியா இருந்திருந்தாக்கூட நாலு பேருக்குப் பதில் சொல்லியிருப்பன்டா" என்றார். "இதுக்கு என்னன்னு சொல்றது?"

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. அப்பா இரண்டு வாரம் சித்தப்பாவோடு பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். மூன்றாம் வாரம் ஈரோட்டிலிருந்து ஒருவர் வந்து காரை விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். கோயமுத்தூர் ஸ்பிரிங்கைப் பற்றி அவரிடம் சித்தப்பா வெகுநேரம் விளக்கிக்கொண்டிருந்தார். சித்தி சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. மாலையில் வழக்கம்போல எனக்குத் தலை வாரிவிட்டாள். "எம் மேல கோவமா சித்தி?" என்று கேட்டேன். "நீ என்ன பண்ணுவே கண்ணு" என்றாள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. கடத்தல் இல்லை, போலீஸ் இல்லை, சித்தப்பா ஜெயிலுக்குப் போகவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகவே நினைத்தேன்.

அதற்குப் பிறகு சித்தி எந்தக் காரிலும் ஏறவில்லை. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் நாங்கள் அம்பாசிடரில் போவோம், அவள் பஸ்ஸில் வருவாள். கார் என்றாலே குமட்டுகிறது என்பாள். நானும் அதை நம்பினேன். எங்களோடு வந்துவிடட்டுமே என்று, கிளம்பும்போதெல்லாம் தோட்டத்திலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் பறித்துக் கொண்டுபோய் அவளிடம் நீட்டுவேன். முகர்ந்துகொண்டால் குமட்டாது என்று சொல்வேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிடுவாள்.