மோரைக் கொட்டியவன் பூக்குழி இறங்கினான்

ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்கித் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டு என் மகன் காப்புக் கட்டியிருந்தான். நாங்கள் இருப்பது ராஜபாளையத்தில். எங்கள் தெருவில் யார் காப்புக் கட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரி நீர்மோர் கொடுப்பாள். அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். நான் மில்லுக்கு ஷிப்ட் போன காலத்தில் என் மகனுக்குச் சோறு ஊட்டியவள் அவள்தான். பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான்.

அந்த வருஷம் அவன் புதுச் சிநேகிதர்கள் சிலரோடு சேர்ந்திருந்தான். போனில் என்னென்னவோ வரும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்பதால் அவனே வாசித்துக் காட்டுவான். இன்னார் நமக்கு எதிரி, இன்னார் வீட்டில் கை நனைக்காதே என்று இருக்கும்.

"பக்கத்து வீட்டுக்காரியுமா எதிரி?" என்று கேட்டேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

பிறகு ஒருநாள், சிநேகிதர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நீட்டிய மோரை வாங்கித் தரையில் கொட்டி, டம்ளரையும் கீழே போட்டான். "வேத்துச் சாமி கும்புடுற கையால எனக்குக் குடுக்காதிய" என்றான். அவள் கீழே கிடந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பூக்குழிக்கு முந்தின நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மனசில் குற்றம் உள்ளவன் தீயில் இறங்கினால் கால் வெந்துபோகும் என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

"அம்மா, பெரியம்மாட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"கொட்டுனது ஒன் கை. கெஞ்ச மட்டும் என் வாயாலே?"

யாரிடமும் போய்க் கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை. அவனே போனான். நான் எங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தப்புப் பண்ணிட்டேன் பெரியம்மா."

"கால் சுடும்னு பயந்து வந்தியா, என் மனசு சுட்டிருக்கும்னு வந்தியாலே?"

அவன் "ரெண்டுக்கும்தான்" என்றான்.

"நெசத்தச் சொல்லிட்ட. போ, மன்னிச்சிட்டேன்."

மறுநாள் இறங்கினான். வீடு திரும்பும்போது வலது காலை ஊன்றவில்லை. உள்ளங்காலில் கொப்புளம். அந்த வீட்டு வாசலில் போய் நின்ற பாவம்தான் என்றார்கள் சிநேகிதர்கள். அவனோ, பெரியம்மா மனசார மன்னிக்கவில்லை என்று நினைத்துவிட்டான். அம்புட்டுப் பெரிய மீசையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதான்.

சத்தம் கேட்டு அவள் மருந்தோடு வந்தாள்.

"நான் மன்னிச்சது நெருப்புக்கு எப்படிலே தெரியும்? என்னையக் கேட்டுட்டா சுடுது அது?"

"இல்ல பெரியம்மா, ஒங்க மனசுல இன்னும்..."

"இருந்தா வாயால ஏச மாட்டேனா? தீய ஏவி விடுறதுக்கு எனக்கென்ன வாயா இல்ல? காலக் காட்டு."

அவன் காலை இழுத்துக்கொண்டான். "பெரியவங்க என் காலத் தொடக் கூடாது. பாவம்."

"மறுபடியும் பாவமா! எம்புட்டுதாம்லே சேத்து வச்சிருக்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் அழுகையோடு சிரித்தான். அவள் அந்தக் காலை இழுத்துத் தன் மடியில் வைத்து, ஊதி ஊதி மருந்து தடவினாள்.

வெளியே சிநேகிதர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்துதான் கிடந்தது. அவன் காலை எடுக்கவில்லை.

"செத்த பொறுங்கடே," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். "எங்க பெரியம்மா மருந்து போடுதாவ."