கூடுதல் தகுதி என்றொரு கட்டம்

போன வாரம் ஆதார் நகல் எடுக்கப் படப்பையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் ஏதோ சான்றிதழை லேமினேஷன் போடக் கொடுத்திருந்தாள். மெஷினிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது. மல்லிகை வாசனையில் பழசெல்லாம் ஞாபகம் வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு வாய்த்தது இதுதான். இந்த வாசனை அடித்தால் பேச்சி ஞாபகம் வந்துவிடும்.

பேச்சியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனி ஒன்றில் நாங்கள் ஒரே லைனில் அடுத்தடுத்து நின்றோம். நான் மணிமங்கலத்தில் கம்பெனி பஸ் ஏறுவேன், அவள் படப்பை ஹாஸ்டலிலிருந்து வந்து ஏறுவாள். உள்ளே போனால் தொப்பி, முகமூடி, நீல அங்கி. கண் மட்டும்தான் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளும் லைனில் பக்கத்தில் நிற்கிறவளும் ஒரே ஆள் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. நான் அவ்வளவு சூட்டிகை.

ஷிப்ட் முழுக்க நின்றே செய்கிற வேலை. முடிவதற்குள் பேச்சிக்குக் கால் வீங்கிவிடும். ஷூவைக் கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது. கேன்டீனுக்குப் போகிற வழியில் ஐ.டி. அறை இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தினமும் அங்கே கொஞ்சம் நின்று அவர்களுடைய நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

"உக்காந்து செய்யுத வேலை ஒண்ணு கிடைச்சாப் போதும் பிள்ள. வேற எதும் வேண்டாம்."

எங்கள் இருவருக்கும் மூன்று வருட ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே பாக்கி. புதுப்பிக்காவிட்டால் அவள் ஊருக்குத்தான் போக வேண்டும். அங்கே விசைத்தறி. அதற்கும் நிற்கத்தான் வேண்டும்.

அப்போதுதான் டயர் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தோம். நெட்வொர்க்கிங் அடிப்படைப் படிப்பு, சர்வதேசச் சான்றிதழ், வேலை உறுதி என்று போர்டு சொன்னது. பேச்சி வேலைக்காகச் சேர்ந்தாள். நான் அங்கே ஏசி இருந்ததால் சேர்ந்தேன், உங்களிடம் மறைப்பானேன். மூன்று கம்ப்யூட்டரில் ஒன்றுதான் ஓடும். ஆகவே சார் முந்தைய பரீட்சைக் கேள்விகளை ஒரு கட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"இத்த மனப்பாடம் பண்ணுங்க. பாஸ் பண்ணிட்டா எச்.ஆர். காரங்களே கூப்புடுவாங்க."

பஸ்ஸில் மனப்பாடம் செய்தோம். நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கும், அவற்றை ஒரு நிற வரிசையில் சொருக வேண்டும். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று இருவரும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவோம். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா, ஜவுளி எடுக்கப் போறீங்களா?" என்பார். கம்பியைக் கையால் தொட்டதே இல்லை. ஆனால் ஒரே நாளில் இருவரும் பாஸ். பேச்சி அன்றைக்கே லேமினேஷன் போட்டாள். வல்லக்கோட்டை முருகன் காலடியில் வைத்து எடுத்து வந்தபோது அதன் மேல் விபூதி ஒட்டியிருந்தது, அவள் துடைக்கவில்லை.

அடுத்த மாதமே புதுப்பித்தல் படிவம் வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று லைனில் பாதிப் பேருக்கு நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். அதில் 'கூடுதல் தகுதி' என்று ஒரு கட்டம்.

எங்கள் ஊர்களில் அந்தக் கட்டத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். டிப்ளமோ முடித்தவர்கள்கூடப் பிளஸ் டூ சான்றிதழை மட்டும்தான் காட்டுவார்கள். என் அண்ணனே அப்படித்தான் சேர்ந்தான். படித்தவர்கள் லைனில் நிலைக்க மாட்டார்கள் என்று கான்ட்ராக்டர்களுக்குப் பயம். பேச்சிக்கு இது தெரியாது.

"எழுது பிள்ள. பாத்துட்டு ஐ.டி. ரூமுக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாவ" என்றாள்.

எழுதினேன். அழகாக, முழுப் பெயரும் விடாமல் எழுதினேன். ஒருவேளை அவள் சொல்வது நடக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு என் படிவத்தில் அதே கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். எழுத நேரமில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் நிறைய இருந்தது.

எனக்குப் புதுப்பித்தார்கள். அவளைக் கான்ட்ராக்டர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நான் துணைக்குப் போயிருந்தேன்.

"இம்மாம் படிப்பு வெச்சிகினு நீ எதுக்கும்மா லைன்ல நிக்கணும்? ரெண்டு மாசத்துல ஓடிடுவ. எங்களுக்கு நிக்கிற ஆளுதான் வேணும்."

"அப்போ ஐ.டி. ரூமுக்கு எடுத்துக்கிடுங்க சார்."

"அதுக்கு எக்ஸ்பீரியன்ஸ் கேப்பாங்கம்மா. இந்த சர்டிபிகேட்டு ஊர்ல எல்லார்கிட்டயும் தான் கீது."

இரண்டு மாதம் அவள் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் எக்ஸ்பீரியன்ஸ் உண்டா என்ற அதே கேள்வி. ஒரு இடத்தில் கேபிளையே கையில் கொடுத்துப் பூட்டச் சொன்னார்களாம். நிறமெல்லாம் வரிசையாகச் சொன்னாளாம், கைதான் ஓடவில்லையாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது.

ஊருக்குப் போகிற அன்று பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியாகக் கேட்டாள்:

"நீயும் எழுதத்தானே செஞ்ச? ஒன்னைய மட்டும் எப்படி விட்டாவ?"

"இன்னாவோ, என் நேரம்" என்றேன்.

அந்தச் சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நாங்கள் படிக்கவில்லை. அவளுடையதும் என்னுடையதும் ஒரே நாளில் காலாவதியாகிவிட்டன. கம்ப்யூட்டர் சென்டர் இருந்த மாடியில் இப்போது பெண்கள் ஹாஸ்டல். நாங்கள் நின்ற லைனைக் கழற்றிவிட்டார்கள், என்னை வேறு லைனில் போட்டிருக்கிறார்கள். முதல் வருடம் பேச்சிக்குப் போன் போட்டால் மணி அடிக்கும், எடுக்க மாட்டாள். இப்போது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. நான் எழுதவில்லை பேச்சி, கோடுதான் போட்டேன் என்று அவளிடம் சொல்ல ஒரு வழியும் இல்லாமல் போய்விட்டது.