கல்யாணப் பத்திரிகையில் மாமாவின் பெயர்

முப்பத்திரண்டு வருடம் போடியில் வரலாறு வாத்தியாராக இருந்தேன். 'இரண்டாம் உலகப் போர்: காரணங்கள், போக்கு, விளைவுகள்' என்ற பத்து மார்க் கேள்விக்கு என்னிடம் படித்தவர்கள் யாரும் எட்டுக்குக் குறைந்து வாங்கியதில்லை. காரணங்கள் ஆறு, போக்கு எட்டு, விளைவுகள் ஏழு. ஒவ்வொரு தலைப்புக்கும் அடிக்கோடு போட வேண்டும். கோடு கோணினால் நோட்டு ஜன்னல் வழியாகப் பறக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ரிட்டயர் ஆன பிறகும் வருகிறது, எறிவதற்கு நோட்டுதான் இல்லை.

இத்தனை கறாராகப் போரைச் சொல்லிக்கொடுத்த ஆள், அந்தப் போரிலிருந்து தன் கைக்கு வந்து சேர்ந்த ஒரே ஒரு செய்தியை உரியவரிடம் சேர்க்கவில்லை. அதை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

உரியவர் என் அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமான இரண்டாம் வருடம் மாமா ரப்பர்த் தோட்ட வேலைக்கு மலேயா போனார். மூன்று வருடத்தில் திரும்புவதாகப் பேச்சு. அத்தைக்குப் பிள்ளை இல்லை, மாமாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. அதனால் தம்பி வீட்டுக்கே, அதாவது எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஐந்தாறு கடிதம் வந்திருக்கிறது. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தானோ இல்லையோ, அதோடு தபால் நின்றுபோனது.

எங்கள் பாடப்புத்தகத்தில் போடி கிடையாது. ஆனால் அத்தை சொல்லுவாள்: ரங்கூன் அரிசி வரத்து நின்று, மலையிலிருந்து இறங்கும் கப்பக்கிழங்கை அவித்துத் தின்றார்களாம். கப்பல் ஓடாததால் ஏலக்காய் விலைபோகாமல் குடோனில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததாம். காய் பொறுக்கும் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அத்தையும் அப்படிக் காய் பொறுக்கப் போனவள்தான். பச்சை நிறம் மாறாத பெரிய காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாள். போர் முடிந்து கப்பல் ஓடியது, காய் விலை ஏறியது, அத்தை மறுபடி வேலைக்குப் போனாள். மாமாவிடமிருந்து மட்டும் ஒரு வரி வரவில்லை.

செத்தார் என்று சேதி வராத வரைக்கும் ஆள் உயிரோடு இருப்பதாகத்தான் எங்கள் பக்கம் கணக்கு. அத்தை தாலியோடும் குங்குமத்தோடும் இருந்தாள். தினமும் ஒரு முழம் பூ வாங்கி வைப்பாள். ஏலக்காய்க் கடையில் கூட வேலை பார்க்கும் பெண்கள் "மலேயாக்காரி" என்று கிண்டல் செய்வார்கள். அவளும் விடமாட்டாள், வரும்போது உங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சீட்டித்துணி கொண்டுவருவார், பொறுத்திருங்கள் என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்து மூன்றாம் வருடம் தங்கைக்குக் கம்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பத்திரிகை அடிக்கும்போது அத்தை பெயருக்கு முன்னால் மாமாவின் பெயரையும் அவருடைய சொந்த ஊரையும் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மலேயா' என்று போடச் சொன்னார் அப்பா. வராத மனுசருக்கு எதற்கு அழைக்கிறவர் வரிசையில் இடம் என்று நான் முணுமுணுத்தேன். இருக்கிற ஆளை விட்டுவிட்டு அடிப்பது அபசகுனம் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். அப்படியே அச்சானது.

மலை மேல் இருக்கிற சொந்தங்களுக்குப் பத்திரிகை வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விடியற்காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் நானும் ஒட்டிக்கொண்டேன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் என் தாய்மாமா கங்காணி. நான் போனபோது அவர் காட்டுக்குள் ஆட்களோடு இருந்தார். வரும் வரைக்கும் காய் உலர்த்தும் ஸ்டோரில் உட்காரச் சொன்னார்கள். வெளியே சாரல். உள்ளே அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் இருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். ஒரு கால் விந்திவிந்தித்தான் நடந்தார்.

என் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி அடுப்பு வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டி வாசித்தார். மாமாவின் பெயரும் ஊரும் வந்த இடத்தில் நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு என்னிடம், இவர் உனக்கு என்ன வேணும் என்று கேட்டார். சொன்னேன். பத்திரிகையை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, இவரை நாந்தான எரிச்சேன்" என்றார்.

மாமாவும் அவரும் மலேயாவில் ஒரே தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு இரண்டு பேரையும் லாரியில் ஏற்றி, பிறகு ரயிலில் அடைத்து, சயாம் காட்டுக்கு ரோடு போடக் கொண்டுபோயிருக்கிறார்கள். அது ரோடு அல்ல, பர்மாவுக்குப் போகிற ரயில் பாதை. மழைக்காலத்தில் முகாமில் வாந்திபேதி. காலையில் வேலைக்குப் போனவர் சாயங்காலம் இல்லை என்கிற மாதிரி ஆட்கள் விழுந்திருக்கிறார்கள். மாமா இரண்டு நாள் கிடந்தாராம். மூங்கிலை வெட்டி அடுக்கி எரித்தோம், நனைந்த மூங்கில் லேசில் பிடிக்கவில்லை என்றார் பெரியவர். சண்டை முடிந்ததும் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி இறந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டானாம். ஊருக்குத் தகவல் போயிருக்கும் என்று இவர் நம்பிவிட்டார். போடியில் பெண் எடுத்தவர் என்று தெரியும், எந்தத் தெரு, யார் வீடு என்று தெரியாது.

கடைசியாக அவர் சொன்னதை மட்டும் நான் இன்றுவரைக்கும் ஓர் எழுத்து மறக்கவில்லை. "எம்பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்க, வர மாட்டாம இருக்கலை, வர முடியாமத்தான் இருக்கேன்னு. இதைத்தான் தம்பி ரெண்டு நாளும் சொன்னாரு. நாஞ் சொல்லாம விட்டுட்டேன். நீ போயி வெரசாச் சொல்லிரு." கால் சரியானதும் தானே இறங்கி வருவதாகவும், முடிந்தால் அத்தையை ஒருமுறை மேலே கூட்டிவரும்படியும் சொன்னார். தலையாட்டினேன்.

கீழே வந்ததும் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது என்றார். சேதியை வெளியே விட்டால் எல்லோரும் தலைமுழுக வேண்டும், கருமாதி செய்ய வேண்டும், கல்யாணம் தள்ளிப்போகும். கம்பத்துக்காரர்கள் ஏற்கெனவே அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதோடு மஞ்சள் இடிக்க முதல் உலக்கை போடப்போவது அத்தை.

"இத்தனை வருசம் இருந்தாச்சு, இன்னொரு பத்து நாள்ல என்னடா ஆகிரப்போகுது" என்றார் அப்பா. நியாயமாகத்தான் பட்டது. அதைவிட, இந்தப் பொறுப்பு என் தோளிலிருந்து இறங்கியதில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கல்யாணம் நன்றாக நடந்தது. அத்தை முதல் உலக்கை போட்டாள், ஆரத்தி எடுத்தாள், மறுவீட்டுக்கு முன்னால் நடந்தாள். பிறகு சொல்லலாம் என்று பார்த்தால் புதுப்பெண்ணுக்குத் தலை ஆடி. அது முடிந்தால் தலை தீபாவளி. அடுத்து வளைகாப்பு, வளையல் போட முதல் கை அத்தையுடையது. அப்புறம் என் கல்யாணம். நல்ல காரியம் இல்லாத வீடு ஏது? ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வந்து நின்றது. நல்ல காரியம் எதுவும் வராத மாதத்தில் அப்பாவுக்கோ எனக்கோ வாய் வரவில்லை. நாள் போகப்போக, செய்தி அல்ல, அதை மறைத்ததுதான் பெரிய விஷயமாகிவிட்டது. இனிமேல் சொன்னால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்பாளே. இரண்டு மழைக்காலம் கழித்து அந்தப் பெரியவர் இறந்துபோனதாகத் தாய்மாமா பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னார். நான் அத்தையை மேலே கூட்டிப்போகவே இல்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்.

பூவும் பொட்டுமாகச் சந்தோசமாக இருக்கிறவளை எதற்கு மூளியாக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு பதில் வைத்திருந்தேன். அவள் சந்தோசமாக இருக்கிறாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. தினமும் பூ வாங்கினாள், அதை வைத்து நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒருநாள் டியூஷன் பிள்ளைகளுக்கு வீட்டில் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். விளைவுகளில் நாலாவது வந்தபோது, உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை முறத்தோடு வந்து நிலைப்படியில் நின்றாள். அந்தச் சண்டையில் மாட்டிக்கொண்ட ஆட்களையெல்லாம் அப்புறம் ஊருக்கு அனுப்பிவிட்டார்களா, அதைப்பற்றி உன் புத்தகத்தில் போட்டிருக்கிறதா என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "பாடம் நடக்குதுல்ல அத்தே, போயி சோலியப் பாருங்க" என்று கத்திவிட்டேன். அவள் போய்விட்டாள். நான் ஐந்தாவது விளைவைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அத்தைக்கு எண்பதை ஒட்டி உடம்பு சீரழிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நினைவு தெளிவாக இருந்தது, இருதயம்தான் ஒத்துழைக்கவில்லை. ஒரு மத்தியான நேரம், என் மனைவி சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அத்தை சுவரைப் பார்த்தபடி, நான் போய்விட்டால் மலேயாவுக்கு ஒரு கடிதம் எழுதிப்போட வழி உண்டா என்று கேட்டாள். எதற்கு அத்தை என்றேன்.

"அங்கன ஒருத்தியக் கட்டிக்கிட்டுப் புள்ள குட்டி பேரன் பேத்தியோட இருப்பாரு. இருக்கட்டும். நாஞ் செத்தேன்னு தெரிஞ்சாப் போதும். ஆனா ஒரே ஒரு வார்த்தை கேட்டு எழுது அப்பு. எங்கிட்ட என்ன கொறையக் கண்டாருன்னு."

சுமங்கலியாக வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள், புருசன் தள்ளிவைத்த வாழாவெட்டியாகத் தன்னை நினைத்து இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறாள். பூவும் கிண்டலும் ஊர் வாயை அடைக்கத்தான். நானும் அந்த ஊரில் ஒருத்தன்.

சொல்லிவிட்டேன். ஸ்டோர், பெரியவர், வாந்திபேதி, மூங்கில், எல்லாம். மாமா இரண்டு நாளும் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "வர முடியாமத்தான்" என்று ஒருதரம் தனக்குத்தானே சொல்லிப்பார்த்தாள். முகம் இளகியது. நான் பார்த்தேன், பொய் இல்லை. அந்த ஒரு நிமிடம் நான் செய்தது சரியாகிவிட்ட மாதிரிகூட எனக்குத் தோன்றியது.

பிறகு கண்ணைத் திறந்து, இது உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். போன மாதம் என்று சொல்லியிருக்கலாம். வாய்க்கு வரவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தி என்றேன். அத்தை வருசத்தைக் கணக்குப் பார்த்தாள். அந்தத் தங்கையின் மகள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

"வருசா வருசம் மாரியம்மன் கோயிலுக்குப் போயி, என்னைய இப்பிடி விட்டுட்டாரே, அவரு வெளங்காமப் போகணும்னு மண்ணள்ளித் தூத்திட்டு வந்தேன். போன வருசமும் தூத்தினேன். அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருந்தா வெளக்கு ஏத்திருப்பேனேய்யா. செத்த மனுசனையா இத்தனை வருசம் வஞ்சேன்."

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தாள். நர்சிடம் பேசினாள், என் மனைவியிடம் பேசினாள், பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணிடம் பேசினாள். நான் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். குங்குமம் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் தெரியாமல் மனைவி என்னைக் கேட்டாள், வராந்தாவில் வைத்து அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இறப்பதற்கு முந்தின நாள் அத்தை என் மனைவியிடம் ஒன்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறாள். அவரை எரித்த இடத்துக்குப் பெயர் என்ன, அந்தப் பெயரைச் சொல்லி ஒருதரம் கும்பிட்டுக்கொள்கிறேன் என்று. மனைவி வெளியே வந்து என்னைக் கேட்டாள். போர் நடந்த இடங்களையெல்லாம் மேப்பில் குறிக்கச் சொல்லி, ஒரு நூல் தள்ளிக் குறித்தால் மார்க்கைக் குறைத்த எனக்கு அந்த முகாமின் பெயர் தெரியவில்லை. பெரியவரிடம் நான் கேட்கவே இல்லை. அன்றைக்கு இன்னும் நாலு வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டியிருந்தது, கீழே இறங்குகிற ஜீப்பைப் பிடிக்கிற அவசரம் எனக்கு.