இரண்டாவது திரேசம்மா

என் தாயிடமிருந்து அவருடைய தங்கையை மறைத்தவன் நான். இருவரும் இதே லண்டனில், ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தார்கள். சந்திக்க விடாமல் செய்தது விதியல்ல... நான்!

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அம்மாவின் தந்தை சந்தியாப்பிள்ளை மன்னார்க்காரர். அம்மாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது கப்பலில் சமையல் வேலைக்குப் போனார். திரும்பவில்லை. கடலில் மாண்டார் என்றே வீட்டில் நம்பினார்கள். இலங்கையில் போர்நிறுத்தம் இருந்த காலத்தில் அம்மாவைக் கோலியர்ஸ் வுட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டோம். வந்த வாரமே கேட்டார்:

"தம்பி, கப்பல் பதிவெல்லாம் லண்டனிலைதான் இருக்காம். ஐயா எந்தக் கடலிலை போனவர் எண்டு பாத்துச் சொல்ல ஏலுமே? அவற்றை ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்க வேணும்."

சனிக்கிழமைகளில் ஆவணக் காப்பகத்தில் தேடினேன். ஒரு கப்பலின் ஊழியர் பட்டியலில் அவர் பெயர் அகப்பட்டது. லண்டன் துறைமுகத்தில் இறங்கியிருந்தார். கடல் அவரை விழுங்கவேயில்லை!

பிறகு ஒவ்வொரு பதிவாகப் பிரதி எடுப்பித்தேன். லண்டனில் நடந்த திருமணத்தின் பதிவில் மணமகன் 'மணமாகாதவர்' என்றிருந்தது. மன்னாரில் ஒரு மனைவி, ஒரு குழந்தை... ஒரே சொல்லில் இல்லாமற் போயிருந்தார்கள். அடுத்தது ஒரு பெண் குழந்தையின் பிறப்புப் பதிவு. மார்கரெட் திரேசம்மா.

திரேசம்மா என் தாயின் பெயர்! விட்டுவந்த மகளின் பெயரையே அவர் இந்த மகளுக்கும் வைத்திருந்தார்.

அவருடைய இறப்பைப் பதிவுசெய்தவரும் அந்த மகள்தான். முகவரி கிழக்கு லண்டனில் பிளேஸ்டோ. போனேன். அறுபது கடந்த மார்கரெட் இன்னும் அதே வீட்டில்தான் இருந்தார். தகப்பனின் ஊர்க்காரன் என்றதும் தேநீர் ஊற்றித் தந்தார். ஆங்கிலத்தில் இரண்டே கேள்விகள் கேட்டார்: "அப்பாவுக்கு அங்கே யாராவது இருக்கிறார்களா? எனக்கு வைத்த திரேசம்மா என்ற பெயர் யாருடையது?"

"ஒருவரும் இல்லை. அது எங்கள் ஊரில் எல்லோரும் வைக்கிற பெயர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அம்மாவின் மனம் தாங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! அப்போது என் மகளுக்குத் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். நான் எங்கள் தேவாலயத்தின் பங்குச் சபைச் செயலாளர். என் பாட்டன் இரண்டு தாரக்காரன் என்ற கதை கோயில் வாசலில் அடிபடக்கூடாது... அவ்வளவுதான்.

"கப்பல் புயலிலை தாண்டுபோச்சுதாம், அம்மா, ஒருத்தரும் தப்பேல்லையாம்" என்றேன் வீட்டுக்கு வந்து.

பூசை ஒப்புக்கொடுத்தோம். முன்வரிசையில் அம்மா விம்மினார். பக்கத்தில் நின்ற நான் நற்கருணையும் வாங்கினேனே!

மகளின் கல்யாணம் சிறப்பாக நடந்தது. இரண்டு வருடம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா என் கையைப் பிடித்தார்.

"ஐயா கடைசி நேரத்திலை என்னை நினைச்சிருப்பாரோ, தம்பி?"

"ஓம், அம்மா."

"உனக்கு அது எப்பிடித் தெரியும்?"

தெரியும்! அதற்கான அத்தாட்சி என் அலுமாரியில் இருந்தது. அந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும். நான் போர்வையை இழுத்துவிட்டேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார்.

அன்று என் முகவரியை வாங்கி வைத்திருந்த மார்கரெட்டின் கடிதம் இப்போது வந்திருக்கிறது. தனியாளாம். தகப்பனின் ஊரை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். கூட்டிப் போவேனா என்று கேட்கிறார்.

கடிதம் வந்து ஏழு வாரங்களாகிவிட்டன. மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். 'அன்புள்ள சின்னம்மா' என்று தொடங்க வேண்டிய பதில் அது... அந்தச் சொல்லை எழுத என் கை வரவில்லை.