ஒரு டம்ளர் தண்ணீர்

பத்து வயதில் நான் இரண்டு பக்கத்துக்கும் உளவு சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் நான் உளவாளி என்று தெரியும். இன்னொரு பக்கத்துக்கு நான் சும்மா திராட்சை தின்ன வருகிற பிள்ளை.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையில் எங்கள் ஊர். நாலைந்து தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் உபதேசியார். சாமியார் உத்தமபாளையத்திலிருந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வதும், புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துவதும் அப்பாதான். எதையும் முறைப்படி செய்கிறவர் என்று ஊரில் பெயர். ஒரு மெழுகுதிரி கோணலாக நின்றாலும் பூசை முடியும்வரை அவருக்கு நிலைகொள்ளாது.

அவருடைய தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். மாமா கேரளாப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அந்த அத்தை, ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் புதிதாகத் தொடங்கிய சபைக்குப் போக ஆரம்பித்தாள். கொட்டகை வாசலில் ஒரு பலகை தொங்கியது. ஆதி சபையின் வழியில் நடப்பவர்கள் என்று அதில் எழுதியிருந்தது. அப்பாவுக்கு அதைப் படித்ததிலிருந்து வயிற்றெரிச்சல்.

"ஆதி சபையில கீபோர்டு இருந்துச்சாக்கும்? டியூப் லைட்டு இருந்துச்சாக்கும்?" என்பார்.

அங்கே இருந்த பாஸ்டரும் சளைத்தவரில்லை. ஆதி சபையில் சுரூபம் உண்டா, சப்பரம் உண்டா, கொட்டுமேளம் உண்டா என்று மைக்கில் கேட்பார். காற்று இந்தப் பக்கம் அடித்தால் எங்கள் அடுப்படிவரை கேட்கும். இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டு, ஆதி சபை என்பது ஏசுவின் சீடர்கள் காலத்துச் சபை என்று தெரியாமல், அது தேனிக்கு அப்பால் எங்கோ இருக்கிற ஊர் என்று நான் நினைத்துக்கொண்டேன். அங்கே போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தவர்கள் மாதிரிதான் இருவருமே பேசினார்கள்.

அத்தையைத் தடுத்துப் பார்த்தார் அப்பா. முடியவில்லை. கடைசியில் என்னைக் கூட அனுப்பினார். "ஆத்தா, அங்கன என்ன பேசுறாக, என்ன செய்றாகன்னு ஒண்ணு விடாமப் பாத்துட்டு வந்து சொல்லணும். அத்தைகிட்ட மூச்சு விடக் கூடாது."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுகூட வாங்கிக் கொடுத்தார். அங்கே ஆவி வந்து அந்நிய பாஷை பேசுவார்கள். அந்தச் சத்தங்களை நான் காதால் கேட்டபடி எழுதிக்கொண்டு வருவேன். ஒவ்வொருவருக்கும் நாலைந்து சத்தங்கள்தான் இருந்தன. வாராவாரம் அதையே திருப்பிச் சொன்னார்கள். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். சிவப்பு மையில் கோடு போட்டு வைத்தார். அந்த வருடமே எங்கள் கோவிலுக்கும் ஒரு தியானக் குழு வந்தது. அவர்களும் கையைத் தூக்கி அதே மாதிரி பேசினார்கள். நான் ஆசையாக நோட்டை எடுத்தபோது அப்பா பிடுங்கிக்கொண்டார். "அது வேற. இது நம்ம ஆளுக" என்றார்.

இன்னொரு முறையும் என் உளவு அவருக்கு ருசிக்கவில்லை. அந்தக் கொட்டகையில் கூட்டம் முடிந்ததும் எல்லாரும் கொண்டுவந்த அரிசியை ஒன்றாகப் போட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள். "நம்ம திராட்சைத் தோட்டத்துல கவாத்து வெட்ட வர்ற அக்காவும் அத்தையும் ஒரே பாயில உக்காந்து, ஒரே தட்டுல சாப்பிட்டாகப்பா" என்றேன். எங்கள் கோவிலில் எந்தத் தெருக்காரர் எந்தப் பக்கம் உட்காருவது என்பது எனக்குத் தெரிந்தவரை யாரும் சொல்லாமலே நடந்துவந்தது. அப்பா, "கணக்குப் பாடம் எழுதிட்டியா?" என்று கேட்டார்.

இது ஞாயிற்றுக்கிழமை உளவு. செவ்வாய்க்கிழமை உளவு வேறு.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில்தான் பாஸ்டர் வீடு. செவ்வாய்க்கிழமைகளில் அத்தை அங்கே ஜெபத்துக்குப் போவாள். நான் போய்ச் சேர்ந்துகொள்வேன். ஜெபம் முடியும்வரை பாஸ்டரம்மா என்னைப் பின்கட்டில் உட்காரவைத்துப் பன்னீர் திராட்சையைக் கொத்தோடு கையில் கொடுப்பாள். கறுப்பாக, தொட்டால் மாவு ஒட்டுகிற பழம். எங்கள் தோட்டத்திலும் அதே பழம்தான். ஆனால் அதெல்லாம் லாரிக்கு, உதிர்ந்ததுதான் எங்களுக்கு. பாஸ்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிட்டபடி ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

"உங்களுக்குத்தான் எல்லாத்தையும் ஆண்டவர் காட்டிருவாராமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காட்டுவாருடா கண்ணு. இருந்தாலும் நீயும் சொல்லு, கேப்போம்" என்றாள்.

நானும் சொன்னேன். அப்படித்தான் அத்தையின் குழந்தை விஷயத்தையும் சொன்னேன்.

அத்தைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோயிருந்தது. இருந்திருந்தால் என்னைவிட ஒரு வயது பெரியவள். காலையில் உடம்பு நீலம்பாரித்ததும், ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியாரைக் கூட்டிவர அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் போனார். இருவரும் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை என்பதால் கல்லறைச் சுவருக்கு வெளியே, வேலியோரமாகப் புதைத்தார்கள். கோவில் புத்தகத்தில் அதற்குப் பெயர் கிடையாது. வீட்டிலும் அதைப் பற்றிப் பேச்சு கிடையாது. அம்மா ஒரே ஒருமுறை எனக்குச் சொல்லிவிட்டு, "அப்பா முன்னால வாயத் தொறந்தே, பாத்துக்க" என்று எச்சரித்திருந்தாள்.

ஆனால் பெயர் இருந்தது. முறுக்கு இருக்குமோ என்று அத்தையின் தகரப் பெட்டியைக் கிண்டியபோது பிள்ளைக்குப் பால் புகட்டும் எவர்சில்வர் பாலாடை ஒன்று கிடைத்தது. விளிம்பில் ஜோதி என்று வெட்டியிருந்தது. ஆணோ பெண்ணோ, இரண்டுக்கும் ஒத்துவரட்டும் என்று பிரசவத்துக்கு முன்பே கம்பத்துப் பாத்திரக் கடையில் கொடுத்துப் பெயர் வெட்டி வைத்திருக்கிறாள். இதையும் சொன்னேன். பாஸ்டரம்மா அன்று இன்னொரு கொத்து கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு கொட்டகையில் பாஸ்டர் பேச்சை நடுவில் நிறுத்திக் கண்ணை மூடினார். கீபோர்டு மெதுவாக இழுத்தது. "இங்கே ஒரு தாய் உண்டு. மூன்று நாள் மட்டும் அவள் மடியில் கிடந்த ஒரு பிள்ளை உண்டு. ஆண்டவர் எனக்கு ஒரு பெயரைக் காட்டுகிறார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஜோதி" என்றார்.

அத்தை கத்தினாள். அதுவரை அவள் உரக்கப் பேசியே நான் கேட்டதில்லை. பாயில் குப்புற விழுந்து அழுதாள். கவாத்து வெட்டும் அக்கா அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். முதலில் நான் ஆண்டவருக்கு எல்லாம் தெரிகிறதே என்று பயந்து முழங்காலில் நின்றேன். நிற்கும்போதே திராட்சை ஞாபகம் வந்தது. அந்த நிமிடத்தில் பிடித்த சந்தேகம் இன்றுவரை என்னை விடவில்லை. யாராவது கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவர் காட்டினார் என்று ஆரம்பித்தால், முந்தின செவ்வாய்க்கிழமை யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்றுதான் என் புத்தி தேடும்.

அன்றே அத்தை முழுக்கு ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். வருகிற ஞாயிறு, முல்லையாற்றில். வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. அதை எடுத்துவிட்டால் அவள் எங்கள் கோவிலுக்கு வெளியாள். நாளைக்குச் செத்தால் குடும்பக் கல்லறையில் இடமில்லை. அப்பா சாப்பிடாமல் உலாத்தினார். அவரைப் பார்க்கச் சகிக்காமல், அடி விழும் என்று தெரிந்தும் திராட்சைக் கதையைச் சொல்லிவிட்டேன்.

அடி விழவில்லை. அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஆண்டவர் காட்டுனாராம்ல? இந்தா நிக்கிறா பாரு, காட்டிக் குடுத்தவ! ரெண்டு கொத்து திராட்சைக்கு வீட்டுக் கதைய வித்துட்டு வந்துருக்கா."

அத்தை தலையைத் தூக்கவில்லை. "தெரியும்ணே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"இவதான் சொல்லிருப்பான்னு தெரியும். பெட்டியில பாலாடை இடம் மாறிக் கெடந்துச்சு."

"தெரிஞ்சுமா அந்தப் பயலுக பின்னால போற?"

அத்தை களைந்த தண்ணீரை வடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "பதினோரு வருசமாச்சுண்ணே. இந்த வீட்டுல ஒருத்தராச்சும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னீகளா? யாரு சொல்லிக் குடுத்தா என்ன, அவுக சொன்னாக. எல்லாரும் கேக்கச் சொன்னாக." அரிசியைப் பானையில் போட்டாள். "சின்னப் புள்ளைகளுக்கு அவுக ஞானஸ்நானமே குடுக்கிறதில்லையாம். தண்ணி படலைன்னு எந்தப் புள்ளையையும் சுவத்துக்கு வெளிய வைக்க மாட்டாகளாம்."

அப்பா என் கையை விட்டுவிட்டார். ஜெயித்தது அவர்தானே, ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா வந்து, "ரெண்டு பேரும் வந்து சாப்பிடுங்க" என்றாள். யாரும் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையில் அத்தை ஆற்றில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் பாஸ்டர் அவளை மல்லாக்கச் சாய்த்து முக்கி எடுத்தார். கரையில் நின்ற நான் எதேச்சையாகத் திரும்பியபோது தென்னந்தோப்புக்குள் அப்பாவின் சைக்கிள் தெரிந்தது. சைக்கிளுக்குப் பின்னால் அப்பா. உளவு பார்க்க அவரே வந்துவிட்டார், என் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று எனக்கு அழுகை முட்டியது. சாயங்காலம் நோட்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். அவர் எதுவுமே கேட்கவில்லை.

அடுத்த மாதம் எங்களுக்குப் புதுநன்மை வகுப்பு. அதில் ஒரு பாடத்துக்காக எல்லாப் பிள்ளைகளும் காத்திருப்போம். அப்பா உரிக்காத தேங்காய் ஒன்றைக் கொண்டுவருவார், அதுதான் குழந்தை. சாகக் கிடக்கிற குழந்தைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்கக் கூடாது, பக்கத்தில் நிற்கிறவர் யாராயிருந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பது பாடம். வருடாவருடம் அப்பாவே தேங்காயை ஏந்திச் செய்து காட்டுவாராம். தேங்காய்க்கு வேடிக்கையாகப் பெயர்கூட வைப்பாராம். மூத்த பிள்ளைகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த வருடம் அவர் பாடத்தைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தேங்காயை என் கையில் கொடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். முதுகுதான் தெரிந்தது.

எனக்கு ஒரே பெருமை. தேங்காயை இடுப்பில் வைத்துக்கொண்டேன். பெயர் ஒன்று வைக்க வேண்டுமே. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஜோதி, நான் உன்னைக் கழுவுகிறேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே." மூன்று முறை ஊற்றினேன். தண்ணீர் நாரில் இறங்கி என் பாவாடையை நனைத்தது.

முன்வரிசைப் பையன் ஒருவனுக்கு ஏமாற்றமாகிவிட்டது. "இம்புட்டுத்தானா சார்?" என்று கேட்டான்.

"இம்புட்டுத்தான்" என்றார் அப்பா, திரும்பாமலே.

டம்ளரில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. வெளியே ஊற்றப்போனேன். அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாரும் போன பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். தாகமாக இருந்தால் குடித்துவிட வேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டு, ஈரப் பாவாடையோடு நான் வீட்டுக்கு ஓடினேன்.