வெள்ளிக்கிழமை மத்தியான கேரம்

2008-இல் எனக்குக் கல்யாணம் ஆகி, வேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வாழ வந்தேன். காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்தால் எங்கள் வீடு. மாமனார் கப்பலூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மாமியார் வீட்டு நிர்வாகம். நாத்தனார் காலேஜில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் மட்டும் மஸ்கட்டில். கல்யாணத்துக்கு அவர் எடுத்துவந்த லீவு, விருந்துக்குப் போய்த் திரும்பவே சரியாகப் போய்விட்டது. அவர் விமானம் ஏறும்போது, அவருக்கு இட்லி பிடிக்குமா தோசை பிடிக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய பெரியப்பா, சித்தப்பா, மாமா வகையறா முழுக்க மனப்பாடம். கொடுமைதான்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் போன் பண்ணுவார். ஹாலில் டீப்பாய் மேல் செல்போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, குடும்பமே சுற்றி உட்கார்ந்துகொள்ளும். மாமியார், மாமனார், நாத்தனார் எல்லாரும் பேசி முடித்துக் கடைசியில் என் முறை வரும்.

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன். நீ?”

“சாப்பிட்டேன்.”

அவ்வளவுதான் எங்கள் தாம்பத்தியம். அத்தனை பேர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறு என்ன பேச்சு வரும்? அந்தப் பக்கம் அவருக்கும் இதே கதைதான். ஒரே ரூமில் ஏழெட்டுப் பேர்.

இதற்கு அவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் எனக்காக விட்டுப்போன லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. இன்டர்நெட்டில் இரண்டு பேர் எதிரெதிராக ஆடுகிற கேரம் விளையாட்டு இருக்கிறது, வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, மத்தியானம் வா என்று மெயில் போட்டிருந்தார். கேரம் ஆடவா புருஷன் கூப்பிடுகிறார் என்று முதலில் எரிச்சலாகத்தான் வந்தது. உள்ளே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. பலகைக்குக் கீழே எழுதிப் பேசிக்கொள்ள ஒரு சின்னக் கட்டம் இருந்தது. பார்ப்பவர்களுக்கு நாங்கள் விளையாடுகிறோம். மாமியார்கூட, “ஆடுங்க தாயி, சின்னஞ்சிறுசுக” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுவார்.

எதிரே உட்கார்ந்தால் நாலு வார்த்தை பேசாத மனிதர், அந்தக் கட்டத்தில் எழுதித் தள்ளினார். ஆங்கில எழுத்தில் தமிழ். சின்ன வயதில் வைகை மணலில் பந்து விளையாடி முட்டியைப் பெயர்த்துக்கொண்டது, முதன்முதலாக மஸ்கட் போய் இறங்கி பாத்ரூமில் உட்கார்ந்து அழுதது எல்லாம் எனக்குத் தெரியவந்தது அந்தக் கேரம் பலகையில்தான். சிவப்புக் காயைப் போட மறந்து மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை வந்தால் காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் பாவாது.

அதற்கும் வந்தது கேடு. ஆடி மாதம் தாண்டியதிலிருந்து லேப்டாப் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதல் பத்து நிமிடம் நன்றாகப் போகும். அப்புறம் ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றுவிடும். நான் அடித்த காய் எப்போதோ நகரும். அவர் எழுதியது எனக்கு வருவதற்குள் என் முறைக்கான நேரம் முடிந்து, “எதிராளி வெளியேறிவிட்டார்” என்று அவர் பக்கத்தில் காட்டிவிடும். எதிராளி! தாலி கட்டியவருக்கு நான் எதிராளி!

நாத்தனார் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். “மதினி, நீங்க கவலைய விடுங்க, நான் இதப் பறக்க விடுறேன்” என்றாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த வேண்டாததையெல்லாம் நிறுத்தினாள். கல்யாண வீடியோவை சிடியில் ஏற்றிவிட்டு லேப்டாப்பிலிருந்து அழித்தாள். வைரஸ் தேடினாள். விளையாட்டின் படத் தரத்தைக் குறைத்தாள். கேரம் பலகை சப்பாத்திப் பலகை மாதிரி மங்கிப் போனது. வயர்லெஸ் வேண்டாம் என்று மோடத்திலிருந்து நேராக ஒயர் இழுத்தாள். அது ஹால் குறுக்கே கொடி மாதிரி கிடந்து, மாமனார் தடுக்கி விழப் பார்த்தார். காளவாசலில் ஒரு கடையில் கொடுத்துக் கூடுதல் ரேமும் போட்டாயிற்று. எல்லாம் பண்ணியும் அந்தப் பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருந்தது.

இந்த நிலைமையில்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல எல்லாம் நின்றுபோனது. திரையில் மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டத்தில் மட்டும் அவரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்து விழுந்தது. “தேடுது.”

எங்கள் வேலூர்ப் பக்கம் தேடுவது என்றால் தொலைந்த சாவியைத் தேடுவதுதான். அவர் பக்கத்திலும் இணைப்பு கிடைக்காமல் கம்ப்யூட்டர் எதையோ தேடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். “ஆமா, இங்கயும் அப்படித்தான், இதோட ஒரே தொல்லை. மூடிட்டுப் போறேன்” என்று எழுதி அனுப்பிவிட்டு, படக்கென்று மூடிவிட்டேன்.

அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் என் முறை வந்தபோது, “ம்… நல்லாருக்கேன்” என்று மட்டும் சொன்னார். “சாப்பிட்டியா”கூட இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கலாம்தான். நான்தான் வீம்புக்குப் பிறந்தவளாயிற்றே! அவரே வரட்டும் என்று இருந்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம் பிடித்து ஆட்டியது. முழுசாக ஒரு மாதம்கூடச் சேர்ந்து இருக்கவில்லை. இந்தக் கேரமும் போய்விட்டால் எங்களுக்குள் என்ன மிச்சம்? குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒருநாள் ஆத்திரத்தில் நானே லேப்டாப்பைத் திறந்து, எவனோ முன்பின் தெரியாதவனோடு கேரம் ஆடினேன். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான். பத்து நிமிடத்தில் நின்றது. தூக்கி மடியில் வைத்தேன், தோசைக்கல்லாகக் கொதித்தது. சட்டென்று ஏதோ தோன்ற, டேபிள் ஃபேனை இழுத்துவந்து அதன் பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் ஓட ஆரம்பித்துவிட்டது! சூடுதான் காரணம். அணைத்து ஆறவைத்து, மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சூட்டுக் காற்று வெளியே வருகிற சின்னச் சின்ன ஓட்டைகள் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. சந்தனம்! அடுக்கடுக்காகக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம், மேலே விபூதி.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ஆனால் ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் மாமியார் பொட்டு வைப்பார். லேப்டாப் மூடியிலும் ஒன்று இருக்கும், துடைத்துவிட்டு ஆடுவேன். பின்பக்கமும் வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ரேம் போட்ட கடைக்காரர்கூடப் பூஜைப் பொட்டுதானே என்று விட்டிருப்பார். காலையில் அவர் பொட்டு வைப்பார், மத்தியானம் நான் ஆட உட்காருவேன், ஓடுமா அது?

தடதடவென்று படியிறங்கி வந்தேன். “என்ன அத்தை இது? மூடியில வெச்சது போதாதா? இந்த ஓட்டையெல்லாம் அடைச்சு வெச்சிருக்கீங்களே!” என்று கேட்டுவிட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்தது.

மாமியார் அரிசி களைந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். கோபப்படவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“அய்யய்யோ, இதனாலயா நின்னுச்சு? எனக்குத் தெரியாதுத்தா. நீ ஆடி முடிச்சிட்டுப் போனதும் நான் வந்து தொட்டுப் பாப்பேன். அந்த எடத்துல வெதுவெதுன்னு இருக்கும். இம்புட்டு நேரம் எம்புள்ள இதுக்குள்ளருந்துதான பேசுனான்னு இருக்கும். அதான் அந்த எடத்துல வச்சேன். ஊருல இருந்தா அவன் நெத்தியில வைப்பேன், இப்ப எங்கிட்டுப் போயி வைக்க?” என்றார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “என்ன செய்ய, எனக்கு அவனத் தேடுதுத்தா” என்றார்.

எனக்குப் பொறி தட்டியது.

“என்ன சொன்னீங்க?”

“தேடுதுன்னேன்.”

“தேடுதுன்னா?”

பக்கத்தில் நின்ற நாத்தனார் சிரித்துவிட்டாள். “அய்ய, இதுகூடத் தெரியாதா மதினி? ஒருத்தர் பக்கத்துல இல்லன்னா மனசு கெடந்து அடிச்சுக்கிரும்ல, அதுதேன். நான் டூர் போனா எனக்கு வீட்டத் தேடும்.”

கூச்சப்பட்டே செத்துப்போகிற மனிதர், அத்தனை மாதம் கழித்துத் தைரியத்தைச் சேர்த்து ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார். அதற்கு நான் எழுதிய பதில், “ஒரே தொல்லை, மூடிட்டுப் போறேன்.” பாவம், அவர் மனசு என்ன பாடு பட்டிருக்கும்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் நானும் நாத்தனாரும் மாடியில் உட்கார்ந்து, குண்டூசியாலும் பழைய டூத்பிரஷ்ஷாலும் ஓட்டை ஓட்டையாகச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தோம். மாமியார் குற்றவாளி மாதிரி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். லேப்டாப் பழையபடி நிற்காமல் ஓடியது. ஆனால் ஆட ஆள் வேண்டுமே? வெள்ளிக்கிழமை அவர் வருவார் என்ற உறுதி எனக்கில்லை. மெயில் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்தேன். இதை எழுத்தில் விட்டு இன்னொரு தரம் கோளாறு ஆகிவிடக் கூடாது என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம்போல டீப்பாய், ஸ்பீக்கர், சுற்றிக் குடும்பம். மாமனார் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். கடைசியாக என் முறை.

“ம், சொல்லு” என்றார் அவர். பட்டும் படாத குரல்.

இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று மட்டும் தோன்றியது. குனிந்து டீப்பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“எனக்கும் உங்களத் தேடுதுங்க. அன்னைக்கு நீங்க எழுதினதுக்கு எனக்கு அர்த்தம் தெரியலை. சத்தியமாத் தெரியலை.”

மாமனார் முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டார். அது அவர்கள் ஊர் வார்த்தை ஆயிற்றே, ஒருத்தருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். போனில் மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு அவமானத்தில் காதெல்லாம் சுட்டது. புது மருமகள் இப்படியா நடுக்கூடத்தில் பேசுவாள் என்று மாமியார் நினைத்திருப்பார், தொலைந்தேன் என்றிருந்தது.

மாமியார் எழுந்தார்.

“ஏய், எந்திரி. காபி போடுவோம்” என்று நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு மாமனாரிடம், “நீங்க என்ன சட்டமா உக்காந்துருக்கீக? வாங்க, பால் பொங்குதான்னு பாருங்க” என்றார்.

“ஒரு பாலு பொங்குறதப் பாக்க எத்தன பேருடி?” என்றார் மாமனார்.

“வாங்கன்னா வாங்க.”

மூன்று பேரும் சமையலறைக்குள் போனார்கள். போகிற போக்கில் மாமியார் குனிந்து, ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லி எனக்குச் சைகை காட்டிவிட்டுப் போனார். நான் போனைக் காதில் வைத்தேன். அவர் விமானம் ஏறிய பிறகு அன்றுதான் அவர் குரல் என் காதுக்கு மட்டும் கேட்டது. அவர் அழுதுகொண்டிருந்தார். நானும்தான்.

காபி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான். தன் பேச்சு முடிந்ததும் மாமியார் பட்டாளத்தைக் கிளப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமைக் கேரமும் நடந்தது, நிற்காமல் ஓடியது. நான் மஸ்கட் போய்ச் சேரும்வரை ஆடினோம்.

மாமியார் இன்று இல்லை. பெற்ற பிள்ளையோடு பேசும் நேரத்தில் பாதியை வந்தவளுக்கு விட்டுக்கொடுத்து, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதவர். எங்கள் வீட்டில் யாராவது போனை எடுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினால், எவ்வளவு நல்ல சீரியல் ஓடினாலும் சரி, எனக்கு இப்போதெல்லாம் அடுப்படியில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது.